சுவரோரத்து இருக்கை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ஆக்லாந்துக்குப் போய் லோசாவையே கேட்கலாம். பார்சல் வண்டி ஓட்டுபவள். பேயைவிட, முன்னால் போகும் லாரியின் பிரேக்குக்குத்தான் அதிகம் பயப்படுகிறவள். அவளுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. துறைமுகப் பாலத்தில் ஏதோ விபத்து. இரண்டு மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. லோசாவுக்கு முன்னால் நின்றது ஒரு குப்பை லாரி. அதன் பின்பக்கத்திலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் வண்டியில் ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கினால் நாற்றம், ஏற்றினால் புழுக்கம். ஏழரை மணிக்கு அவள் தங்கை செஃபினா முதன்முதலாக மேடை ஏறுகிறாள். எட்டு வருடம் ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே நடிப்புக் கற்றவள். ஒரே ஒரு காட்சி. அதைத் தவறவிட்டால் பிறகு தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

அரங்குக்குள் நுழைந்தபோது மணி 7.34. விளக்கை அணைத்துவிட்டார்கள். அண்ணி மெலேயின் முழங்காலைத் தாண்டி, தனக்குப் பிடித்துவைத்திருந்த இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"செஃபினா வந்துட்டாளா அண்ணி?"

"இன்னும் இல்ல. என்னடி இது, குப்பைத் தொட்டியில படுத்து எந்திரிச்சு வந்தியா?"

"லாரி பின்னாடி நின்னேன். பேசாம நாடகத்தப் பாருங்க."

சட்டைதான் நாறுகிறது என்று அவளும் நினைத்தாள். 7.50க்குக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தாள். வெறும் வியர்வை. நாற்றம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. சொத்தைப் பல்லின் நாற்றம். அதன்மேல் புதினா.

சுவரோரம் ஓர் ஆள். இருட்டில் தோள் மட்டும் தெரிந்தது. எதையோ சப்பிக்கொண்டிருந்தார். சளப்... சளப்... நடுநடுவே எச்சிலை உள்ளே உறிஞ்சும் சத்தம். அவர் முழங்கை இவள் முழங்கையில் உரசியது. ஈரம். பிசுபிசுப்பு.

8.05. அவர் இருமினார். முதலில் லேசாக... பிறகு அடித்தொண்டையிலிருந்து, சளியைப் புரட்டிக்கொண்டு. லோசாவின் கன்னத்தில் ஏதோ தெறித்தது. புறங்கையால் துடைத்தாள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அடுத்த காட்சி செஃபினாவுடையது.

"உஷ்..." என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

இருமல் நின்றது. பாதியில் அறுந்தாற்போல.

8.11. செஃபினா மேடைக்கு வந்தாள். லோசாவின் கண் கலங்கியது. அப்போது இருட்டில் ஒரு விரல் அவள் உள்ளங்கையைத் தொட்டு, ஒரு மிட்டாயை வைத்தது. அண்ணிதான் தருகிறாள் என்று நினைத்தாள். மேடையிலிருந்து பார்வையை எடுக்காமல் வாயில் போட்டாள்.

மிட்டாய் சூடாக இருந்தது.

வழவழவென்று... யாரோ சப்பித் தேய்த்தது. நாக்கில் ஒரு முடி.

அண்ணி வலப்பக்கம்.

கை வந்தது இடப்பக்கம்...

கையில் துப்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு, தங்கை கடைசி வரியைச் சொல்லி முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். இடப்பக்கம் திரும்பவில்லை.

8.20. இடைவேளை. விளக்குகள் எரிந்தன.

அங்கே இருக்கையே இல்லை. சுவர் இருந்தது. தரையில் நான்கு ஆணித் துளைகள்.

"அண்ணி... இங்க உக்காந்திருந்த ஆளு?"

"எந்த ஆளு? நீ 'உஷ்'ஷுன்னது என்னத்தான்னு நினைச்சேன்."

லோசா கழிவறைக்கு ஓடினாள். கையிலிருந்ததைத் தொட்டியில் எறிந்து தண்ணீரைத் திறந்துவிட்டாள். குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். எத்தனை முறை கொப்பளித்தும் புதினா வாசனை போகவில்லை.

மறுவாரம், அரங்கில் டிக்கெட் கிழிக்கும் கிளைவ் என்பவரிடம் செஃபினா விசாரித்தாள்.

"அந்த சீட்ட நாங்கதாம்மா கழட்டினோம். பத்தொம்பது வருஷம் ஆச்சு. நாடகம் நடந்துட்டு இருக்கும்போதே ஒருத்தர் மூச்சடைச்சுப் போயிட்டாரு. ரொம்ப இருமுனாராம். பக்கத்துல இருந்தவங்க உஷ்ஷுன்னு அடக்குனாங்களாம். பாவம், அடங்கிட்டாரு. கையில புதினா மிட்டாய் சுத்தின காகிதம் மட்டும் இருந்துச்சு."

கிளைவ் கொஞ்சம் தயங்கினார்.

"ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்தாங்க. தொண்டை காலி. வாயில இல்ல, வயித்துல இல்ல. இங்க தரையெல்லாம் நானே தேடுனேன். அந்த மிட்டாய் மட்டும் கடைசிவரைக்கும் கிடைக்கவே இல்ல."