ஆட்டுக்குட்டி விளையாடிய வீடியோ

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். அரியாலையில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் ஒரு பின்னேரம் வீடியோ போட்டார்கள். இளம்பிள்ளைகள் இறைச்சி தின்பதை விடவேண்டும் என்பதற்கான படம் அது. ஒழுங்கு செய்த அண்ணை படத்துக்கு முன் பேசத் தொடங்கினார்; பேச்சு முடிவதாயில்லை. அத்தனை நேரமும் ஜெனரேற்றர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் படம் தொடங்கியது. பிறந்து கொஞ்ச நாளேயான ஆட்டுக்குட்டி ஒன்று, படுத்திருந்த தாயின் முதுகில் ஏறிச் சறுக்கி விழுந்தது. எழும்பி, காதை உதறிவிட்டுத் திரும்பவும் ஏறியது. மண்டபமே சிரித்தது.

"சிரியாதேங்கோ. இனித்தான் வெட்டக் கொண்டுபோகினம், வடிவாய்ப் பாருங்கோ," என்றார் அண்ணை.

அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் முடிந்து படம் நின்றுவிட்டது. அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். நாங்கள் குட்டியின் சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தபடியே வீட்டுக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினார். எனக்கு வேண்டாம் என்றேன்.

"ஏன் பிள்ளை, வெட்டுறதைக் காட்டிப்போட்டினமோ?"

"இல்லையம்மா, விளையாடினதைத்தான் காட்டினவை."

அம்மா எனக்கு மட்டும் நேற்றைய மீன்குழம்பைச் சுடவைத்துத் தந்தார். நன்றாகச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஆட்டிறைச்சி தொட்டதில்லை. மீனை மட்டும் விடவில்லை. மீன் விளையாடுவதை எனக்கு எவரும் படம் போட்டுக் காட்டவில்லை.