எங்கள் வீட்டுத் தட்டி போன கதை

வார்னிஷ் வாசனையும் பழுத்த பேஷன் ஃப்ரூட் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா?

ஆஸ்பத்திரிக்குள் யாரோ ஜூஸ் கடை போட்ட மாதிரி இருக்கும்.

இன்று ஹாஸ்டலில் பக்கத்து அறைக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். என்னைக் கேட்காமலே மூக்கு எங்கள் ஊர் குமுளிக்கு பஸ் ஏறிவிட்டது... பத்தொன்பது வயதில் உனக்கென்னடா நினைவலை என்று கேட்காதீர்கள். மலை ஊர்க்காரனுக்கு அலையைக் கண்டாலே ஆசை.

நான் பிளஸ் ஒன் படித்த வருடம். அம்மா அப்போதும் இப்போதும் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார். அப்பா ஜீப் ஓட்டுகிறார். தோட்டத்து ஓரம், விருந்தினர் அறைக்கும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கும் நடுவே, ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த தட்டிகள் வரிசையாக நிற்கும். காபி குடிக்கிறவர் கண்ணில் மலை படவேண்டும், பக்கத்து வீட்டு மாமாவின் பட்டாபட்டி படக்கூடாது. அதுதான் தட்டியின் டியூட்டி.

அதன் மேல் அம்மா விதை போட்டு வளர்த்த பேஷன் ஃப்ரூட் கொடி. வருகிற விருந்தினருக்கு முதல் டம்ளர் ஜூஸ் அதில்தான்.

அந்த வருட மழையில் தட்டிகளின் கால்கள் உளுத்துப் போயின. பூஜை லீவுக்கு இரண்டு அறையும் புக் ஆகியிருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, வார்னிஷ் அடித்தால் போதும் என்பது அப்பா கட்சி. நிற்கக் காலில்லாததற்கு மேக்கப் எதற்கு, புதிதாகவே செய்ய வேண்டும் என்பது அம்மா கட்சி.

ஆனால் புதிது வேண்டுமென்றால் பழையதைப் பிடுங்க வேண்டும். தட்டி எது, கொடி எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன. கொடியை முழுசாகத் தூக்கிப் பிடிக்க ஒரு ஊரே வேண்டும். வீட்டில் இருந்ததோ மூன்று பேர், அதில் ஒன்று நான். மிச்ச வழி, கொடியை அடியோடு வெட்டுவது.

"அப்ப கொடிய என்ன செய்ய?" என்று அப்பா கேட்டால் போதும், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அம்மா உள்ளே போய்விடுவார். அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்.

இப்படியே தட்டியைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம்...

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடுத் தட்டி முன்னால் சாய்ந்தது. அப்பா ஓடிப்போய் முட்டுக் கொடுத்தார். கொடுத்த கையோடு, மரம் நல்லாத்தான் இருக்கு என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டார். அம்மா என்னிடம் மரவேலை செய்யும் ஷாஜி சேட்டனைப் போனில் கூப்பிடச் சொன்னார். அவர் மலையாளி. வீட்டில் மலையாளம் சுத்தமாக வருவது எனக்குத்தான்.

"சேட்டா, அச்சன் வெச்ச தட்டி போயி. வேகம் வரணும்" என்றேன். அப்பா வைத்த தட்டி போய்விட்டது, சீக்கிரம் வாருங்கள். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் எங்கள் ஊர் டவர் வார்த்தைகளை விழுங்கும். அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது: "அச்சன்... தட்டிப்போயி... வேகம் வரணும்."

மலையாளத்தில் 'தட்டிப்போயி' என்றால் ஆள் டிக்கெட் வாங்கிவிட்டார் என்று பொருள்.

திரும்ப அழைத்துப் பார்த்திருக்கிறார். லைன் போகவில்லை. பெற்ற அப்பனைப் பற்றி ஒரு பையன் இப்படியா சொல்லுவான் என்று என் மேல் வருத்தம் வேறு. டீக்கடையில் சொல்லி, ஜீப் ஸ்டாண்டில் சொல்லி, கிடைத்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முற்றம் நிறைய வெள்ளை வேட்டி.

தட்டிக்குப் பின்னாலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். தலை முதல் கழுத்து வரை தேய்த்த தூள், விபூதி பூசின மாதிரி. "என்ன ஷாஜி, ஒரு தட்டிக்கா இம்புட்டுப் பேரு?"

ஷாஜி சேட்டன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தது அப்பாதான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விளையாடாமல் பேசினேன், அதை இன்றுவரை யாரும் நம்பவில்லை.

பால் விடாத கட்டன் காபி குடித்து நெஞ்சைத் தேற்றிக்கொண்டு சேட்டன் தட்டியைத் தட்டிப் பார்த்தார். ரீப்பர் எல்லாம் கெட்டி. கால்களும் அடிச்சட்டமும்தான் போச்சு. அதை மாற்றினால் போதும், ஆனால் கொடியை இறக்கியாக வேண்டும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். இந்தத் தடவை அம்மா அடுப்பைத் தேடிப் போகவில்லை. முற்றத்துக் கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வந்ததுதான் வந்துட்டீங்க... கொஞ்சம் தோள் குடுக்குறீங்களா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமா பட்டாபட்டியோடு வெளியே வந்துவிட்டார். அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

மூங்கில்களை உள்ளே நுழைத்து, கொடியை அப்படியே தோளில் தூக்கி நின்றார்கள். முன்வரிசையில் அப்பா. தன்னைத் தூக்க வந்தவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். சேட்டன் கால்களை மாற்றி முடிப்பதற்குள் கொஞ்சம் இலை உதிர்ந்தது, காய்கள் விழுந்தன. கொடி பிழைத்தது. பூஜை லீவுக்கு வந்தவர்களுக்குப் புது வார்னிஷ் வாசனையோடு முதல் டம்ளரும் கிடைத்தது.

போன வாரம் இங்கே ஹாஸ்டலில் ஒரு கட்டிலை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல் நிறைய வந்தது. கை ஒன்றும் வரவில்லை. நானும் ரூம்மேட்டும் உருட்டிப் புரட்டி ஏற்றினோம். பரவாயில்லை, இங்கே டவர் நன்றாக இருக்கிறது, எல்லாமே சரியாகக் கேட்டுவிடுகிறது.

நேற்று அம்மா போன் செய்தார். "ஓரத் தட்டி லேசா ஆடுதுடா. ஷாஜிகிட்ட நீயே சொல்லிரு. ஒழுங்காச் சொல்லு."

கூப்பிட்டேன். வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, "சேட்டா, வீட்டிலே தட்டி..." என்று ஆரம்பித்தேன்.

முடிக்கவே விடவில்லை.

"எத்ர பேரு வேணும்?" என்றார்.