மாடியில் நாலு பெட்டி

பரசுராமனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமலவேணி அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று பிறகு யாரும் பேசக் கூடாது. வாயைத் திறந்தால் "எங்க தீவுல" என்றுதான் ஆரம்பிப்பான். சட்னி கொடுத்தால் எங்க தீவுல தேங்காய் இன்னும் ருசி என்பான். மழை பெய்தால் இதெல்லாம் ஒரு மழையா என்பான். பிறந்தது என்னவோ இங்கே பக்கத்தில், ஷேர் ஆட்டோ போகிற ஐயம்பேட்டையில். தீவாம் தீவு!

அவனுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தச் சேறு வேண்டாமென்று இவன் மீசை முளைத்ததும் கப்பலேறிச் சின்ன அந்தமானுக்கு ரோடு போடப் போனான். தார்ச் சட்டி தூக்கி உள்ளங்கை வெந்ததும் அதை விட்டு ஒரு வங்காளியின் தென்னந்தோப்பில் காவலுக்குச் சேர்ந்தான். தோப்பில் தேன் பெட்டிகள் இருந்தன. மரப்பொந்தில் கூடு கட்டிய தேனீயை வெறுங்கையால் எடுத்துப் பெட்டியில் குடிவைக்க அங்கேதான் கற்றுக்கொண்டானாம். எத்தனை கொட்டு வாங்கினாய் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

தீவில் வருஷம் முழுக்கத் தென்னை பூக்குமாம், மழையும் முக்கால் வருஷம் கொட்டுமாம். அதனால் தேன் தண்ணியாக இருக்கும், பாட்டிலை இறுக்கி மூடினால் பொங்கி மூடியையே தள்ளிவிடும் என்பான். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறிக் கூட்டையே காலி பண்ணிவிடும் என்பான். மேரியை அங்கேதான் பார்த்தான். அவள் ஓரிக்கைப் பெண், அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகப் போனவள். போன இடத்தில் இந்த வாயாடியைக் கட்டிக்கொண்டாள், பாவம். அவள் அம்மா படுக்கையில் விழுந்ததும் இரண்டு பேரும் ஊர் திரும்பினார்கள். மேரிக்குப் பட்டுக் கடையில் சேலை மடிக்கிற வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

ஐயம்பேட்டை என்றதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஐயம்பேட்டையில் எந்தப் பக்கம்? அவன் எந்தப் பக்கம் என்று சொன்னதும் வீடு காலியில்லை என்றாகிவிடும். எங்கள் தெருவில் பெரிய மனுஷர் கோதண்டபாணி. முருகன் கோயில் சாவி அவரிடம்தான். "கமலவேணி, குடுக்காதே, சொல்லிட்டேன்" என்றார். என் மாடிக்கு இவர் யார் சொல்ல? அவர் சொன்னார் என்பதற்காகவே கொடுத்தேன்.

குடிவந்த ஒரு மாதத்தில் மாடியில் நாலு பெட்டி முளைத்தன. தாமல் ஏரிக்கரைப் புளியமரங்களிலிருந்து கூடுகளைப் பிடித்து வந்திருந்தான். நாலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள்.

"இன்னாப்பா இது, என்னைக் கேட்டியா?" என்று கத்தினேன்.

"இது பெருகிச்சின்னா ஏரிக்கரைத் தோப்புல எடம் புடிச்சி நாப்பது பெட்டி வச்சிடுவேன் அக்கா. இது போச்சின்னா எனக்குச் சித்தாள் வேலதான்" என்றான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் துரத்தியிருப்பேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முதல் தேனை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான். அன்று முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைப்போம். கோதண்டபாணி மூடியைத் திறந்தார், நுரை பொங்கி அவர் கையில் வழிந்தது.

"சக்கரப் பாகு. தூக்கினு போ."

"காய்ச்சாத தேன் பொங்கும் சார். எங்க தீவுல..."

"எந்தத் தீவு, எந்தக் கை, எந்த அடுப்புன்னுலாம் பாக்காம சாமிக்கு வைக்க முடியாதுப்பா."

எனக்குச் சுரீரென்று வந்தது. "அண்ணா, வள்ளி கையால தேனும் தினையும் வாங்கித் தின்ன சாமி அது. அவளப் பாத்து நீ எந்தத் தெருன்னு முருகன் கேட்டானா?" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவேயில்லை.

எங்கள் தெருவில் பாவு நீட்டுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன், சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக் காயவைப்போம். அது நாலைந்து வீட்டு வாசலைத் தாண்டிப் போகும். பிடிக்க, பிரிக்க, அறுந்த இழையை முடியப் பத்துக் கை வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூலியும் கிடையாது. இன்று உன் பாவு, நாளை என் பாவு.

அப்படிக் கோதண்டபாணி ஒரு கல்யாணச் சேலைக்கு இளநீர் நிறப் பாவு நீட்டியிருந்தார். தேனீக்கள் ஈரக் கஞ்சியைக் குடிக்க வந்தன. குடித்துவிட்டுச் சும்மா போகாமல் பாவு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி வைத்துவிட்டுப் போயின.

"கமலவேணி! உன் மாடி ஈ என் பட்டு மேல பேண்டு வச்சிருக்குது, வந்து பாரு!" என்று தெருவே அதிரக் கத்தினார்.

மேரி ஓடிவந்து ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். பரசுராமன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். "எங்க தீவுல நடுத்தெருவுல யாரும் பட்டை விரிக்க மாட்டாங்க" என்றான். பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று எனக்கே தோன்றியது. தன் வாயால் கெடுவதில் தவளையைத் தோற்கடித்தான்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பேசி முடித்தார்கள். பெட்டி மாடியில் இருக்கிறவரைக்கும் எங்கள் வீட்டுப் பாவுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். சஷ்டிக்கு முருகனுக்குச் சாத்துகிற பட்டு அந்த வருஷம் எங்கள் முறை என்று தெரிந்துதான் சொன்னார்கள்.

"வரலன்னா போங்க. என் மாடி, என் இஷ்டம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் வீரபாகு தறிக் கூடத்துக்குள் போய்விட்டார். அவரைத் தெருவில் எல்லாரும் சாது என்பார்கள். எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லாதவரையும் சாது என்றுதான் சொல்வார்கள், கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு வாரம் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தபோது மாடியில் பரசுராமன் தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் செத்த தேனீக்கள், பெருக்கி அள்ளுகிற அளவுக்கு. மூன்று பெட்டிகளில் உயிர் இல்லை, பூச்சி மருந்து நெடி அடித்தது. வெயிலுக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்திருந்த நாலாவது பெட்டி மட்டும் தப்பியிருந்தது. செய்தவன் அதைப் பார்க்கவில்லை.

நான் நடுத்தெருவில் நின்று கோதண்டபாணியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். "சாமி சத்தியமா நான் உன் படி ஏறல" என்றார். அவர் சத்தியத்தை யார் நம்புவது? மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் பாவு நீட்டும் நாள். யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தால், தெருவே வந்து நிற்கிறது. கோதண்டபாணியும்தான். மூன்று பெட்டி செத்ததில் மனசு ஆறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். குங்குமச் சிவப்புப் பாவு வீதி நீளத்துக்கு நின்றது. கைப் பம்பில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி நானே தெளித்துக்கொண்டு போனேன். லேசாக ஒரு நாற்றம் வந்தது. கஞ்சி புளித்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மிஞ்சிய பெட்டியிலிருந்து தேனீக்கள் வழக்கம்போல ஈரத்துக்கு இறங்கின.

"இன்னும் இருக்குதா இந்த சனியன்?" என்று யாரோ முனகினார்கள். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு தேனீ கால்களை உதறிக்கொண்டு இழைகளுக்கு நடுவே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நான் தெளித்துக்கொண்டு வந்த வழியெல்லாம் விழுந்தன. சாமி பட்டின் மேல் செத்துக் கிடந்தன.

மாடியிலிருந்து பார்த்த பரசுராமன் இறங்கி வந்து, என் கையிலிருந்த பம்பை வாங்கி அதன் வாயை முகர்ந்தான். அன்றைக்கு மாடியில் அடித்த அதே மருந்து நெடி. என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பம்பு எங்கள் தறிக் கூடத்து ஆணியில் தொங்குவது. அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

"இன்னாங்க, இத்த எதுக்கு எடுத்தீங்க?" என்றேன்.

அறுந்த இழையைத் தேடுகிற மாதிரிப் பாவுப் பக்கம் திரும்பினார்.

"வாயத் தொறங்க!"

"நம்ம பாவுக்கு ஆள் வரணும்ல கமலா" என்றார்.

அடப்பாவி! தெருவையே நான் சண்டைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, என் கையால் சோறு தின்றவர் மாடிப்படி ஏறியிருக்கிறார்.

"சரி சரி, வெயில் ஏறுது, வேலையப் பாருங்கப்பா" என்றார் கோதண்டபாணி. தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பரசுராமன் குனிந்து செத்த தேனீக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஒரு இழைகூட அறுபடவில்லை. எல்லாவற்றையும் துண்டில் முடிந்துகொண்டு என்னிடம் வந்து, "எங்க தீவுல..." என்று ஆரம்பித்தான். அதை முடிக்காமலே மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாளே மிஞ்சிய பெட்டியை ஈரச் சாக்கால் மூடி மேரியின் மடியில் வைத்து, ஆட்டோவில் தாமலுக்குப் போனார்கள். இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அந்தப் பாவைத் தறியில் ஏற்ற நான் விடவில்லை. அலசினால் போய்விடும், சாமிக்குச் சாத்தலாம் என்றார் கோதண்டபாணி. "அவன் தேன் ஆவாது, இது மட்டும் ஆவுமா?" என்றேன். அந்த சஷ்டிக்கு முருகன் கடைப் பட்டுதான் கட்டினான்.

மாடி காலியா என்று இப்போதும் புரோக்கர்கள் வந்து கேட்கிறார்கள். காலியில்லை. என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். தறிக்கு மட்டும் இறங்கி வருவார். சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிடுகிறேன். கீழே வந்து படுங்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.