வெட்டாத துணிக்கீற்று

தையல் மிஷினின் தோல் பெல்ட் அறுந்துபோயிருந்தது. அப்துல் முத்தலிப் கம்பியை வளைத்து இரு முனைகளையும் சேர்த்தான். அவன் அத்தா ஹாஜா மொய்தீன் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"யூசுப் வந்தானாடா?"

"வரல அத்தா."

அது பொய். பெல்ட் ஓடியது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

ஹாஜா மொய்தீன் பூந்தமல்லிக்காரர். இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆவடியில் பட்டாளம் இறங்கியதும், ராணுவ டிப்போ வாசலில் கொட்டகை போட்டு, கிழிந்த காக்கியைத் தைத்துக் காலம் ஓட்டினார். டிப்போவுக்குள் மகன் எலெக்ட்ரீஷியன். தைக்க வந்த துணி ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய கீற்றை முடிந்துவைப்பார். உடையவன் எதிரே வந்து நின்றால்தான் அதைக் கத்தரிப்பார்.

யோசேப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்த பாலஸ்தீனத்து யூதன், லாரி மெக்கானிக். இவருக்கு அவன் யூசுப். சைக்கிளை நிறுத்தினால், "திஷ்மோர்" என்பான்: பார்த்துக்கொள். சட்டையைக் கொடுத்தாலும் "திஷ்மோர்": பத்திரமாக வைத்திரு. திருப்பித் தரும்போது "ஷமர்த்தி", காத்தேன், என்று சொல்லப் பழக்கினான். எபிரேயத்தில் அவர் கற்றது அந்த ஒரு வினைச்சொல்தான். அதை விடாமல் புழங்கினார். மகனுக்குச் சோற்றுத் தூக்கை நீட்டும்போதும் வாசலில் நின்று "ஷமர்த்தி!" என்று குரல் கொடுப்பார்.

டிப்போவில் முத்தலிப்போடு வேலை செய்த கோதண்டம் விடமாட்டான். "இன்னா ஷமர்த்தி மவனே, ஒங்க நைனா தொரையாயிட்டாரா?"

முத்தலிப்புக்குக் காது சுடும். "அந்தப் பேச்ச வுடு அத்தா, சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டுமே. நம்பிக் குடுக்கறான், அவன் பாஷையிலயே பதில் சொல்றேன். இன்னா கொறஞ்சிபோச்சி ஒனக்கு?"

பெல்ட் அறுந்த அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். யோசேப் டிப்போ வாசலுக்கு ஓடிவந்தான். தையல்காரர் எங்கே, என் கோட்டு எங்கே என்று கேட்டான். தைக்கக் கொடுத்திருந்த கோட்டு கொட்டகைப் பெட்டியில் இருந்தது. சாவி முத்தலிப்பின் சட்டைப் பையில். பக்கத்தில் கோதண்டம் இளித்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது" என்றான் முத்தலிப், யாரோ போல.

லாரி ஹாரன் அடித்தது. யோசேப் ஏறிக்கொண்டான். அவன் பட்டாளக் கம்பெனி அன்றே ரயிலேறிவிட்டது.

மறுநாள் அத்தாவுக்குக் காய்ச்சல். "அது அவங்கப்பன் கோட்டுடா. காய்ச்சல் எறங்கட்டும், நானே கேம்புக்குப் போயி குடுத்துட்டு வரேன்" என்றார். கேம்பு காலி என்று சொல்ல முத்தலிப்புக்கு வாய் வரவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் அத்தா மௌத்தானார்.

அத்தா இறந்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து முத்தலிப் பெட்டியைத் திறந்தான். கோட்டுக்குப் புது லைனிங் தைத்து மடித்திருந்தது. பொத்தான் துளையில் கீற்று, அத்தாவின் கோணல் எழுத்து: யூசுப் கோட்டு. கேம்பில் கொடுக்கணும்.

மேலேயே கத்தரிக்கோல் கிடந்தது. அதைத் தொட அவனுக்கு வெட்கமாக இருந்தது.