மச்சான் பந்தலில் குடித்த தண்ணீர்

என் மச்சான் எனக்கு விஷம் வைத்துவிட்டான் என்று நம்பினேன். சந்தேகம் என்று சொல்லவில்லை, நம்பினேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, போலீசில் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். ‘யாருக்கும் தீங்கு நினைக்காத நான்’ என்று தொடங்கியது அந்த வாக்குமூலம்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மலேசியாவில் பீடோங் ஊரை ஒட்டிய தோட்டத்தில் இருவரும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறோம். போன தீபாவளிக்கு அவன் வீட்டில் இருபது பேர் ஆட்டிறைச்சியை மென்றுகொண்டிருந்தபோது, வரும் திருவிழாவில் காவடி எடுக்கப் போவதாகச் சொன்னேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான்.

“மச்சான், நீங்க காவடி எடுத்தா அம்மனுக்கு மூச்சு வாங்கும் லா.”

இருபது பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளை மன்னித்துவிட்டேன், அவள்தான் சமைக்கிறாள். அவனை மன்னிக்கவில்லை.

பழிவாங்கும் திட்டம் எளியது. ஆற்றங்கரையிலிருந்து தோட்டத்துக் கோயில்வரை காவடியை இறக்கக் கூடாது. வழியில் அவன் வருஷாவருஷம் போடும் தண்ணீர்ப் பந்தல் முன்னால் நின்று, அவன் கண்ணைப் பார்த்தபடி ஆட வேண்டும். அந்த ஆட்டத்தைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் மாதக்கணக்கில் பழகினேன்.

மற்றவர்கள் சைவம் சாப்பிட்டு விரதம் இருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. கடைசி ஒன்பது நாள் உப்பையும் விட்டேன். பூசாரியே தடுத்தார்.

“நம்ம கோயில்ல அப்படி வழக்கம் இல்ல தம்பி. வெயில்ல வேல செய்யற ஆளு நீ.”

“அம்மனுக்காக, சாமி” என்றேன். பொய். ஒவ்வொரு கவளம் சப்பைச் சோறும் மச்சானுக்காகத்தான்.

திருவிழா அன்று மயங்கி விழுந்து அவன் வாய்க்குத் தீனி போட்டுவிடக் கூடாது என்று விடிந்ததுமே மூன்று பெரிய போத்தல் தண்ணீர் குடித்தேன். அப்புறம் வழியெல்லாம் பந்தல்கள். காவடிக்காரன் தனக்கு நீட்டப்படும் தண்ணீரை மறுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஒன்றுக்கு இரண்டாகவே வாங்கிக்கொண்டேன். வேர்வை வழிந்து வேட்டி நனைந்தது. இவ்வளவு குடித்தும் ஒன்றுக்கு மட்டும் வரவே இல்லை. அதையும் அம்மன் அருள் கணக்கில் சேர்த்தேன்.

மச்சானின் பந்தலை நான் அடைந்தபோது தலை விண்விண்ணென்று தெறித்தது. விரல் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. அவன் ஒரு குவளையோடு ஓடி வந்தான்.

“மச்சான், மூஞ்சி சரியில்ல. இந்த மோரக் குடிங்க.”

“உப்புப் போட்டிருக்கா?”

“மோர்னா உப்பு இல்லாமயா?”

என் விரதத்தைக் கெடுக்கச் சதி! “வெறுந்தண்ணி குடு” என்று அதட்டினேன். அவன் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஐந்து குவளை குடித்தேன். பிறகு ஆடினேன். நான் ஆடியதாகத்தான் எனக்கு ஞாபகம். பார்த்தவர்கள் சொல்வது வேறு. வாந்தி எடுத்தேனாம். என் மனைவியிடம் “நீங்க யாரு வீட்டுப் பிள்ள?” என்று விசாரித்தேனாம். பந்தல் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தேனாம்.

கண் விழித்தபோது கையில் ஊசி, பக்கத்தில் மனைவி.

“உங்கண்ணன் தண்ணியில என்னமோ கலந்துட்டான்.”

“அதே தண்ணியத் தோட்டமே குடிச்சிச்சு. ஒங்களுக்கு மட்டும் தனியாக் கலந்தாரா?”

“கலப்பான். கெட்டிக்காரன் அவன்.”

இரத்தப் பரிசோதனைத் தாளோடு ஓர் இளம் டாக்டர் வந்தாள். “அங்கிள், ஒங்க சோடியம் நூத்திப் பதினெட்டு. நூத்தி முப்பத்தஞ்சுக்குக் குறையக் கூடாது.”

“என்ன விஷம்மா அது?”

“விஷம் இல்ல அங்கிள். தண்ணி.”

“பாத்தியா!” என்று மனைவி பக்கம் திரும்பினேன்.

டாக்டர் பொறுமைசாலி. வேர்வையோடு உப்பும் வெளியேறும். ஒன்பது நாளாக ஈடுகட்ட உப்பு உள்ளே வரவில்லை. வெயில், பாரம், குமட்டல் எல்லாம் சேர்ந்தால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் ஒரு சுரப்பி, ‘தண்ணீரை வெளியே விடாதே’ என்று சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்பும். சிறுநீரகம் சொன்ன பேச்சைக் கேட்கும். நான் ஊற்ற ஊற்ற இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தண்ணீர் உடம்பின் செல்களுக்குள் புகுந்தது. மண்டை ஓட்டுக்குள் மூளை வீங்க இடம் கிடையாது. அதனால்தான் சொந்த மனைவியிடமே முகவரி கேட்டிருக்கிறேன். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கே கேடு என்றாள். அதுவரை தண்ணீரும் அளவோடுதான்.

அப்போதும் நான் விடவில்லை. விஷம் இல்லாவிட்டால் என்ன, காவடி விழுந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே, அதற்காவது அவனை ஒரு கை பார்க்கலாம்.

“காவடி கீழ விழுந்தப்ப உங்கண்ணன் எப்படிச் சிரிச்சான், சொல்லு.”

“எங்க விழுந்துச்சு? அதப் பிடிச்சதே அவர்தான்.”

பந்தல் போடுகிறவன் என்பதால் அவனும் விரதத்தில் இருந்திருக்கிறான். என்னைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, பூசாரியிடம் உத்தரவு கேட்டு, என் காவடியைத் தன் தோளில் வைத்து, மிச்ச தூரம் நடந்து, கோயிலில் என் பேருக்கே இறக்கியிருக்கிறான்.