நாலு பேக்டரியில் ஓடின புரோகிராம்

தாரணி என்ற பேரை ரங்கம்மா முதன்முதலில் கேட்டது தொண்ணூற்றி ஆறில், மைசூரில் தான் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். "கம்ப்யூட்டர் போடத் தாரணி வரட்டும், இனிமே ரிஜிஸ்டரே வேணாம்" என்றார் டாக்டர். கொத்தனார் தொட்டையன் பேத்தி, மாரியம்மா மகள் என்று ரங்கம்மா அன்றைக்கே விசாரித்துக்கொண்டாள். மைசூரிலேயே பிறந்த பெண். தமிழைவிடக் கன்னடம்தான் நாக்கில் ஓடும்.

தாரணி புதிதாக எதையும் எழுதவில்லை. நாலு பேக்டரி கேட்டில், உள்ளே வரும் ஆள் யாரென்று பார்க்க எழுதிய புரோகிராமையே பிளாப்பியில் கொண்டுவந்து போட்டாள். பேர், அப்பன் இனிஷியல், ஊர் தட்டினால் ஆளின் பழைய விவரம் திரையில் வந்து நிற்கும்.

ரங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"கண்ணு, எங்க ஹனூர்ல தாத்தன் பேரத்தான் பேரனுக்கு வெப்பாங்க. என்ற பெரியண்ணன் மாதப்பன், சின்னண்ணன் மாரப்பன். ரெண்டு பேரு மகனும் காளியப்பன்தான், ரெண்டுக்கும் இனிஷியலு எம்முதான். உன்ற பொட்டி யாரக் காட்டும்?"

"சும்னிரி அக்கா, சும்மா இருங்க! பேக்டரில ரெண்டு வருஷமா ஓடுது, ஒரு தப்பு வரல."

"அங்க ஆளு மாறுனா அவனே வாயத் தொறந்து சொல்லுவான். இங்க பேச்சில்லாம கெடப்பானே?"

"உங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் புரோகிராம் எழுதினா கம்ப்யூட்டர் அழுதுடும்!" நர்ஸுகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த வருஷமே பெரியண்ணன் மகன் காளியப்பன் கையில் சீழ் வைத்து வந்தான். பென்சிலின் ஒத்துக்கொண்டது என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மறு ஆடியில் சின்னண்ணன் மகன் காளியப்பனைத் தூக்கி வந்தார்கள். ஆணி குத்திக் கால் வீங்கி, சுரத்தில் நினைவே இல்லை. கல்யாணமாகி ஐந்து மாசம். ரங்கம்மா அப்போது மாடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். கீழே நர்ஸ் 'எம். காளியப்பன், ஹனூர்' என்று தட்டினாள். ஒத்துக்கொள்ளும் என்று வந்தது. சோதனை ஊசி வேண்டாமென்று முழு மருந்தையும் ஏற்றிவிட்டாள்.

ரங்கம்மா இறங்கி வந்தபோது அவன் முகம் ஊதி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, இவன் என்ற சின்னண்ணன் மகன், பெரியண்ணன் மகனில்ல!"

அரை மணியில் மூச்சு அடங்கிவிட்டது.

தாரணி வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எத்தன ஆஸ்பத்திரில போட்டிருக்க?" என்றாள் ரங்கம்மா.

"ஆறு, அக்கா. இங்க நல்லா ஓடுதுன்னுதான் கேட்டு வாங்கினாங்க. அவங்க யார் யாருக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்கன்னு தெரியல."

தாரணி ஆறு இடத்துக்கும் பஸ் ஏறிப்போய், நோயாளிக்கு நோயாளி தனி நம்பர் வைத்துவிட்டு வந்தாள். காப்பி போட்ட மற்ற பிளாப்பிகள் எந்த ஊரில், யார் படுக்கைக்குப் பக்கத்தில் ஓடுகின்றனவோ, கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு கம்ப்யூட்டர் வேலைக்கே அவள் போகவில்லை. இப்போது மண்டியாவில், புருஷன் வீட்டில் இருக்கிறாள்.