வெள்ளைத் தரை

மகள் மோட்டார் சைக்கிள் பட்டறை திறக்கப்போகிறாள். தரைக்குச் சாயம் வாங்க என்னையும் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு அழைத்துப்போனாள். நான் வெள்ளையைக் காட்டியதும் அலறினாள்.

"எண்ணெய் கொட்டுற இடம்லா, அம்மா! அழுக்கெல்லாம் அப்படியே தெரியும்."

கடைக்காரர் டின்னைத் திறந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆட்சி, அவசரகாலம். எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே சின்னப் பட்டறை வைத்து அப்பா சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு அவரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். சக்கரத்தைக் கழற்றினால் அச்சிலிருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள் உருண்டோடி, கறுத்த சிமெண்டுத் தரையில் காணாமல் போய்விடும். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் தரையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சாயம் பூசிவிட்டாள்.

"அவரு வர்றப்ப ஒரு சாமான் கொறையக் கூடாது" என்றாள். லயமே சிரித்தது.

மழைக்காலத்தில் அப்பாவை விட்டுவிட்டார்கள். சேறு அப்பிய காலோடு பட்டறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

அம்மா கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தாள். "வாங்க. அழுக்கானா கழுவிக்கலாம்."

மகள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கழுவிக்கலாம்லா" என்று டின்னைத் தூக்கினேன்.